மிளகு மீட்டரும் மூன்று நாள் ரசமும்

எங்கள் வீட்டில் புதிதாக ஒன்று கண்டுபிடிக்கப்படுகிறது என்றால், பழையதாக ஒன்று காணாமல் போகும். வாசல் மணிக்காக என் எவர்சில்வர் மூடி போனது. மழை அளக்கும் கருவிக்காக எண்ணெய்ப் புனல் போனது. மிளகு மீட்டருக்கோ, என் கல்யாணச் சீரில் வந்த பித்தளை டம்ளரே போனது. கேட்டால் என் கணவர், "விஞ்ஞானத்துக்குத்தானே குடுத்தோம்" என்பார். கொடுத்தது யார், எடுத்தது யார் என்று நான் கேட்பதற்குள் ஸ்குரூ டிரைவரைத் தேடிக்கொண்டு அடுத்த அறைக்குப் போயிருப்பார்.

அவர் மாத்தளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பித்தார். நான் கச்சேரி என்கிற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். எங்கள் இரண்டு குடும்பங்களும் அப்பாமார் காலத்தில் வடக்கிலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்கு வந்தவை. உத்தியோகம் முடிந்தும் யாரும் திரும்பிப் போகவில்லை. எங்கள் பேச்சும் இந்த ஊர்ப் பேச்சாகிவிட்டது. யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர்கள் வந்தால் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நான் சொல்லப்போவது தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நடந்தது. சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அடையாள அட்டையை மறந்துவிட்டுக் கடைக்குப் போனால்கூட பாதி வழியில் நெஞ்சு திக்கென்று அடிக்கும்.

மிளகு மீட்டர் பிறந்ததற்குக் காரணம் ஒரு பல். மிளகுக் காலத்தில் யட்டவத்தப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூட்டை மூட்டையாக மாத்தளைக் கடைகளுக்குக் கொண்டுவருவார்கள். கடைக்காரர் மூட்டைக்குள் கையை விட்டு இரண்டு மிளகை எடுத்து வாயில் போட்டுக் கடிப்பார். 'டக்' என்று உடைந்தால் காய்ந்த மிளகு, நல்ல விலை. நசுங்கினால் ஈரம், விலை இறங்கும். அதற்கு மேல் பேச்சில்லை. நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் இருந்தார். என் கணவர் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர் கடையில்தான் தேத்தண்ணி குடிப்பார். ஒருநாள் அங்கே ஒரு சிங்கள அம்மாவின் மூட்டையை நானா கடித்துப் பார்த்து ஈரம் என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா விடவில்லை. "முதலாளிக்குப் போன கிழமைதானே பல்லு புடுங்கினாங்க, எந்தப் பக்கத்தால கடிச்சீங்க?" என்று கேட்டுவிட்டார். கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானாவும் சிரித்துக்கொண்டே மற்றப் பக்கத்தால் கடித்துப் பார்த்தார். அந்தப் பக்கம் 'டக்' என்றது.

என் கணவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும் முன்னேயே சொன்னார். "ஒரு ஊரு யாவாரமே ஒரு மனுசனோட கடவாப் பல்லுல தொங்குது. இது சரியா?"

"சரியில்லதான். அதுக்கு நீங்க என்ன செய்யப் போறீங்க, பல்லு கட்டப் போறீங்களா?" என்றேன்.

மெஷின் செய்து முடிக்க எட்டு மாதம் ஆனது. ஒரு பழைய பிஸ்கட் டின், அதன் மேல் ஊசி வைத்த ஒரு டயல், உள்ளே பெட்டரியும் வயர்களும், ஓரத்தில் என் பித்தளை டம்ளர், டம்ளரின் நடுவே திரைச்சீலைக் கம்பியில் வெட்டிய ஒரு துண்டு. டம்ளருக்குள் மிளகை நிரப்பினால் ஊசி நகரும். மிளகில் ஈரம் கூடக் கூட ஊசி வலப்பக்கம் போகும். காய்ந்த மிளகுக்கு இடப்பக்கத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டையும் நகத்துக்குப் பூசும் என் சிவப்புக் கியூடெக்ஸால்தான் வரைந்திருந்தார். பார்க்க அவலட்சணமாக இருந்தாலும் மெஷின் வேலை செய்தது. நானாவின் பல்லுக்குச் சந்தேகம் வந்த இடத்திலும் ஊசிக்குச் சந்தேகம் வரவில்லை. கொழும்பில் பேட்டன்ட் கொடுக்கிற கந்தோருக்கு விண்ணப்பம் போட்டார். இரவு பகலாக அதைப் பற்றியே பேச்சு. ஒரு நாள் கடிதம் வந்தது: கருவியை நேரில் கொண்டுவந்து காட்டவும், திங்கட்கிழமை காலை பதினொரு மணி. அந்தக் கடிதத்தை அவர் எங்கள் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்தார். கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அவ்வளவு களை இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

இனி என் பங்குக்கு வருகிறேன். பெட்டரி இறங்கினாலும் வெயில் ஏறினாலும் ஊசி கொஞ்சம் பிசகும். அதனால் அளப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும், ஈரம் எவ்வளவு என்று ஏற்கெனவே உறுதியாகத் தெரிந்த ஒரு மிளகை டம்ளரில் போட்டு, ஊசி சிவப்புக் கோட்டில் நிற்கும்வரை ஒரு ஸ்குரூவைத் திருப்ப வேண்டும். மாதிரிக்கென்று அந்த மிளகை அவர் கண்டிப் பக்கத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் உலர்த்தி, ஈரம் அளந்து வாங்கி, ஒரு போத்தலில் அடைத்து, லேபல் ஒட்டி வைத்திருந்தார். மாத்தளை மழைக்கு வீட்டிலேயே காய்ந்த இடம் எது? அடுப்புக்கு மேல் தட்டு. அங்கேதான் வைத்தார். உப்புக்கும் மல்லிக்கும் பக்கத்தில்.

என்னிடம் சொன்னாரா என்றால், சொன்னார். நான் 'ம்' கொட்டினேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருசத்தில் விஞ்ஞானம் கேட்டு நான் கொட்டிய 'ம்'களை அடுக்கினால் அலுவிகாரை மலை உயரத்துக்கு வரும். அதில் ஒன்று இப்படிக் கழுத்தை அறுக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அடுப்பு ஆவியில் லேபல் கழன்று எங்கோ விழுந்துவிட்டது. கார்த்திகை மழையில் அவருக்கு இருமல் வந்தது. நான் கைக்கு எட்டிய மிளகுப் போத்தலை எடுத்தேன். முதல் நாள் மிளகு ரசம். இரண்டாம் நாளும் ரசம், கூடவே மிளகு போட்டு முட்டைப் பொரியல். மூன்றாம் நாள் கடைசி மிளகு வரை தட்டிப் போட்டுவிட்டேன். "இன்னைக்கு ரசம் என்னமோ தனியா இருக்கு, எங்க வாங்கின மொளகு?" என்று கேட்டுவிட்டு இரண்டு தரம் வாங்கிக் குடித்தார். தன் எட்டு மாத உழைப்பைத் தானே டம்ளரில் ஊற்றிக் குடித்தார், பாவம். இருமல் நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் உப்புச் சாடியையும் மிளகுப் போத்தலையும் வெறுமையாக விடக் கூடாது என்று ஒரு வழக்கம். நான் அன்றைக்கே நானா கடையில் மிளகு வாங்கி அதே போத்தலில் நிரப்பி, மூடியை இறுக்கி, இருந்த இடத்திலேயே வைத்தேன். "வீட்டுக்குத்தானே தங்கச்சி, கொஞ்சம் ஈரந்தான், வெலையைக் கொறச்சித் தாறேன்" என்று நானா தந்த மிளகு அது.

பயணத்துக்கு முதல் நாள், ஞாயிறு மத்தியானம், அவர் குசினிக்குள் வந்து அந்தப் போத்தலை இரண்டு கையாலும் எடுத்தார். பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கினார். லேபல் இல்லாததை அவர் கவனிக்கவில்லை.

"இந்த மெஷினுக்கு உசுரே இதுதான். மத்ததெல்லாம் ஒடஞ்சா ஒட்டிக்கலாம்" என்றார்.

என் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது. பன்னிரண்டு வருசத்து 'ம்' அத்தனையும் ஒன்றாகக் காதில் கேட்டது. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன். நான் செய்த பிழை ரசம் வைத்தது இல்லை. இதுதான் பிழை.

அவர் மிளகை டம்ளரில் கொட்டினார். ஊசி கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போய் நின்றது. "பெட்டரி வீக்" என்றார். புதுப் பெட்டரி போட்டார். ஊசி அசையவில்லை. "அடை மழைதானே, டின்னுக்குள்ள ஈரம் ஏறியிருக்கு" என்றார். ஸ்குரூவைத் திருப்பினார். வழக்கமாகக் கால் சுற்றுக்கு மேல் போகாது. அன்றைக்கு ஒன்றரைச் சுற்று போனது. அதையும் வழக்கம்போலக் குறிப்புக் கொப்பியில் எழுதி வைத்தார். கடைசியில் ஊசி சிவப்புக் கோட்டில் வந்து நின்றது. மெஷின் உண்மையைத்தான் சொன்னது. அவர் அதன் வாயைத் திருகி மூடினார்.

திங்கட்கிழமை விடியக் கொழும்புக்கு ரயில் கோச்சியில் ஏறினோம். என்னைக் கூட்டிப் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. பெட்டி, வயர், தமிழ்ப் பெயர் மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பது அந்த நாளில் நல்லதல்ல. பக்கத்தில் பொட்டு வைத்த பெண்சாதி ஒருத்தி சோற்றுப் பார்சலோடு இருந்தால் குடும்பப் பயணம் மாதிரித் தெரியும். கண்டி வருவதற்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கண்டியில் ஆட்கள் ஏறினார்கள். றம்புக்கனையில் சொல்லலாம் என்று நினைத்தேன். அங்கே அவர் வடை வாங்கித் தந்தார். வடை வாங்கித் தந்த மனுசனிடம் அதை எப்படிச் சொல்வது? கொழும்புக் கோட்டை வரைக்கும் அப்படியே போய்ச் சேர்ந்தோம்.

கோட்டையில் ஸ்டேசனுக்கு வெளியே சோதனை. வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும் ஆமிக்காரப் பையன் ஒருவன் பெட்டியைத் திறந்தான். வயர்களைப் பார்த்தான். எங்கள் அடையாள அட்டைகளைப் பார்த்தான். மறுபடி வயர்களைப் பார்த்தான். கொஞ்சம் வயதான இன்னொருவரைக் கூப்பிட்டான். அவர் எங்களைத் தனியாக ஒரு மேசைக்குக் கூட்டிப் போனார். எல்லாப் பேச்சும் சிங்களத்தில்தான்.

"இது என்ன?"

"மொளகுல ஈரம் எவ்வளவுன்னு அளக்குற மெஷின் சேர்" என்றார் என் கணவர்.

"அளந்து காட்டுங்க."

அவருக்கு அது போதும். பயம் போய்ப் பாடம் நடத்துகிற குரல் வந்துவிட்டது. போத்தலைத் திறந்தார், டம்ளரை நிரப்பினார், சுவிட்சைப் போட்டார். ஊசி சிவப்புக் கோட்டில் போய் நின்றது. "பாருங்க சேர், நல்லாக் காஞ்ச மொளகு. லேப்ல காய வச்சது" என்றார் பெருமையாக.

அந்த மனிதர் டம்ளரில் இருந்து இரண்டு மிளகை எடுத்து வாயில் போட்டார். நானா கடிப்பது போலவே கடித்தார். சத்தம் வரவில்லை.

"எங்க ஊரு கேகாலைப் பக்கம். எங்க வீட்டுலயும் மொளகு இருக்கு. இது காயல" என்றார்.

"இல்ல சேர், இது..."

"மொளகு ஈரம். மெஷின் காஞ்சதுன்னு சொல்லுது. அப்ப இது மொளகு அளக்குற மெஷின் இல்ல. வேற என்ன?"

அவர் குரல் மாறிவிட்டது. பெட்டியைத் தொட வேண்டாம் என்று கையால் காட்டினார். முதல் பையன் ஓர் அடி பின்னால் போனான். தோளில் தொங்கிய துவக்கின் பக்கம் அவன் கை போனதை நான் பார்த்தேன். என் கணவர் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். லேப் மிளகை ஈரம் என்று சொல்லிவிட்டார்களே என்று வாதாடப் போகிறார். அந்த நேரத்தில், அந்த இடத்தில், பௌதிகம் பேசப் போகிறார்.

"நான் ரசம் வச்சிட்டேன்!" என்று கத்தினேன்.

முதலில் தமிழில் கத்தினேன். பிறகு சிங்களத்தில் மூச்சு விடாமல் சொன்னேன். இவருக்கு இருமல் என்றேன். அடுப்புத் தட்டில் இருந்த போத்தல் என்றேன். மூன்று நாள் ரசம், முட்டைப் பொரியல், நானா கடை மிளகு, கொஞ்சம் ஈரந்தான் என்று அவர் சொன்னது, எல்லாவற்றையும் கொட்டினேன். "மெஷின் மேல குத்தமில்ல சேர், இவர் மேலயும் குத்தமில்ல, இவருக்கு இது இப்பதான் தெரியும், மூஞ்சியப் பாருங்க" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கச்சேரியில் இத்தனை வருசம் பேசிய சிங்களம் எல்லாம் அன்றைக்குத்தான் உதவியது.

அந்த மனிதர் என் கணவர் முகத்தைப் பார்த்தார். உண்மையிலேயே அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. வாய் திறந்தபடி இருந்தது.

"குடிச்சீங்களா?" என்று கேட்டார்.

"ரெண்டு தரம் வாங்கிக் குடிச்சேன்" என்றார் என் கணவர், மெதுவாக.

பிறகு கொப்பியை எடுத்தார். ஒன்றரைச் சுற்று என்று எழுதியிருந்ததைப் பார்த்தார். அனுமதி கேட்டுவிட்டு, ஸ்குரூவை ஒன்றரைச் சுற்றுப் பின்னால் திருப்பினார். டம்ளரில் அதே மிளகு. ஊசி எழுந்து வலப்பக்கம் போய் ஈரம் என்ற இடத்தில் நின்றது. கேகாலைக்காரர் இன்னும் ஒரு மிளகைக் கடித்துப் பார்த்துத் தலையாட்டினார். "இப்ப சரி" என்றார். சின்னவன் சிரிப்பை அடக்க முடியாமல் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான். அடையாள அட்டைகளைத் திருப்பித் தந்தார்கள்.

பஸ்ஸில் என் கணவர் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். திட்டினால் திருப்பித் திட்டலாம். முதுகைக் காட்டினால் என்ன செய்வது? எட்டு மாதம் அவர் அந்த டின்னோடு பட்ட பாட்டை நான் பார்த்தவள். மாதிரி மிளகு இல்லாமல் என்னத்தைக் காட்டப் போகிறார்?

பேட்டன்ட் கந்தோரில் எங்கள் விண்ணப்பத்தைப் பார்த்தது ஒரு சிங்களப் பெண் அதிகாரி. நல்ல மாதிரி. நாங்கள் அரை மணி நேரம் பிந்தி வந்ததற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்து படம் காட்டினார். நெல்லுக்கும் சோளத்துக்கும் வெளிநாட்டில் எப்போதோ செய்த மெஷின். குவளை, நடுவே கம்பி, மேலே ஊசி. எங்கள் பிஸ்கட் டின்னின் பணக்கார அண்ணன்.

"உங்களோடது நல்லாருக்கு மாஸ்டர். ஆனா இதுல புதுசு எது?" என்று கேட்டார்.

என் கணவர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா, பேச்சை மாற்றுவதுபோல, ஏன் பிந்தியது என்று பொதுவாகக் கேட்டார். அப்போதுதான் அவருக்குள் அடைத்து வைத்திருந்த கோபம் வெடித்தது. செக் பொயின்டில் நடந்ததைச் சொல்லிவிட்டு, என்னைக் கையால் காட்டி, "இனிமே அந்த மொளக இவ கைக்கு எட்டுற எடத்துல வைக்கவே மாட்டேன் மிஸ். மெஷினுக்குள்ளயே ரெண்டாவது டம்ளர் ஒண்ணு வச்சு, அதுல போட்டு, ஈயத்தால அடச்சிருவேன். சுவிட்சத் தட்டினா ஊசி மொதல்ல அதப் பாத்துட்டு வரட்டும். சட்டியும் தேவயில்ல, போத்தலும் தேவயில்ல!" என்றார்.

அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். பேனையைக் கையில் எடுத்தார்.

"இப்ப சொன்னத மறுபடி சொல்லுங்க" என்றார்.

என் கணவர் மறுபடி சொல்லத் தொடங்கினார். பாதியில் குரல் தாழ்ந்தது. தான் என்ன சொல்கிறோம் என்று அவருக்கே அப்போதுதான் புரிந்தது. ஒரு தாளை வாங்கிப் படம் போட்டார். இரண்டு டம்ளர், நடுவே ஒரு சுவிட்ச். அந்தப் புத்தகத்தில் அது இல்லை. இன்னும் நாலு புத்தகம் புரட்டிப் பார்த்தார்கள், அவற்றிலும் இல்லை. விண்ணப்பத்தை மாற்றி எழுதிக்கொண்டு வரச் சொன்னார் அந்த அம்மா. படியிறங்கும்போது என் கணவர் முதல் தடவையாக என் பக்கம் திரும்பி, "பசிக்குதா?" என்று கேட்டார். சோற்றுப் பார்சலை அங்கேயே ஒரு மரத்தடியில் பிரித்துச் சாப்பிட்டோம். என் சீரில் வந்த இரண்டாவது டம்ளரும் அடுத்த நாளே போனது.

பேட்டன்ட் வர வருசக்கணக்காகிவிட்டது. அதற்குள் மெஷின் ஒன்று நானா கடைக்குப் போய்விட்டது. அவர் முதலில் கடித்துப் பார்ப்பார், பிறகு ஊசியைப் பார்ப்பார், இரண்டும் ஒத்துப்போனால், "பரவாயில்ல, மெஷின் சரியாத்தான் சொல்லுது" என்று அதற்குச் சான்றிதழ் கொடுப்பார்.

பத்திரம் தபாலில் வந்த அன்று அவர் பள்ளிக்கூடத்தில் இருந்தார். நான்தான் உறையைப் பிரித்தேன். முத்திரை, இலக்கம், கருவியின் பெயர். அதன் கீழே கண்டுபிடிப்பாளர்கள் என்று போட்டு இரண்டு பெயர். ஒன்று அவருடையது. மற்றது என்னுடையது, முதல் எழுத்தோடு, கச்சேரிச் சம்பளப் பட்டியலில் இருக்கிற மாதிரியே. நின்றபடியே நாலு தரம் வாசித்தேன்.

அவர் வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஒங்களுக்குப் பைத்தியமா? ரசம் வச்சதுக்கெல்லாம் பேட்டன்ட்டுல பேரு போடுவாங்களா? கச்சேரியில தெரிஞ்சா சிரிப்பாங்க!"

அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"ரசத்துக்கு இல்ல" என்றார். "அன்னைக்குக் கோட்டையில அந்தப் பொடியன் துவக்குப் பக்கம் கைய வச்சத நானும் பாத்தேன். பாத்தும் எனக்குப் பேச வரல, கோவந்தான் வந்துச்சு. நீ கத்தாட்டி மெஷின் மட்டுமில்ல, நானும் வீட்டுக்கு வந்திருப்பேனான்னு தெரியாது. அத விண்ணப்பத்துல எந்த எடத்துல எழுதுறது? அதான் பேர எழுதினேன்."

அவர் பார்க்கவில்லை என்றுதான் அத்தனை வருசமும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் மற்றச் சப்பாத்தையும் கழற்றி வைத்துவிட்டு, குடிக்கத் தேத்தண்ணி இருக்கா என்று கேட்டார்.